கைமா வெந்ததா என்று கண்ணைக் கேட்காதீர்கள்

பார்வையில்லாமல் சமைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பும் கேள்விகளுக்கு ஆன்டாப் ஹில் அக்கா இந்த மாதமும் பதில் சொல்கிறார். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் கைமா பற்றியே.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 58. கிளாக்கோமாவில் இரண்டு கண்ணும் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. சாம்பார், ரசம், மீன் குழம்பு எல்லாம் பழையபடி நானே செய்கிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பீஃப் கைமா என்றதும் மருமகள் என்னை அடுப்பை விட்டு நகர்த்திவிடுகிறாள். "சிவப்பு போச்சா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?" என்கிறாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
— ஒரு வாசகி, செம்பூர்

பதில்: சிவப்பு போனால் வெந்துவிட்டது என்று யார் சொன்னார்கள் என மருமகளிடம் திருப்பிக் கேளுங்கள். வம்புக்காகச் சொல்லவில்லை. கைமா விஷயத்தில் நிறத்தை நம்பக் கூடாது என்பது கண் தெரிந்தவர்களுக்கே சொல்லப்படுகிற எச்சரிக்கை. நான்கு பர்கரில் ஒன்று, போதுமான சூடு ஏறுவதற்கு முன்பே நடுவில் பழுப்பாகிவிடுகிறது என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது.

காரணம் இதுதான். இறைச்சிக்கு நிறம் கொடுப்பது மயோகுளோபின் என்ற புரதம். காற்றுப் பட்டு ஏற்கெனவே நிறம் மாறத் தொடங்கிய கைமா, சட்டியில் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே வெந்த கறி மாதிரி வேஷம் போடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நன்றாக வெந்த கைமா உள்ளே இளஞ்சிவப்பாகவே நிற்பதுண்டு. கூடச் சேர்த்த வெங்காயத்தில் உள்ள நைட்ரேட்கூட அப்படிச் செய்யும். ஆக, உங்கள் மருமகள் பார்க்கிற சிவப்பு அவளுக்கே சரியான சாட்சி இல்லை.

சரி, எதுதான் சாட்சி? சூடு. அரைத்த மாட்டுக்கறி, ஆட்டுக்கறி எதுவானாலும் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அரைத்த கோழி என்றால் 74. இதே மாட்டுக்கறி அரைக்காத முழுத் துண்டாக இருந்தால் 63 டிகிரியும், இறக்கியபின் மூன்று நிமிடம் ஆறவிடுவதும் போதும் என்கிறார்கள். அரைத்தால் மட்டும் ஏன் இவ்வளவு கறார்? முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். சட்டியில் பட்டதும் செத்துவிடும். மெஷினில் போட்டு அரைக்கும்போது மேலே இருந்ததெல்லாம் உள்ளே போய்க் கலந்துவிடுகிறது. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கர் சாப்பிட்டு 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 4 குழந்தைகள் இறந்தன. ஈ.கோலை கிருமியில் ஒரு வகை செய்த வேலை அது. சின்னக் குழந்தைகளுக்கு அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் மருமகள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அவள் நம்புகிற சாட்சிதான் தப்பு.

இப்போது உங்கள் அடுப்புக்கு வருகிறேன். நம் வீடுகளில் கைமாவைப் பெரும்பாலும் குழம்பாகவோ வறுவலாகவோதான் செய்கிறோம். குக்கரில் வைப்பவராக இருந்தால் உங்கள் கவலை பாதி தீர்ந்தது. விசில் வரும் அழுத்தத்தில் குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 டிகிரி. கைமாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு மூடி போடுங்கள்; நான் எருமைக் கைமாவுக்கு நான்கு விசில் விடுவேன். அது மிருதுவாக வேண்டும் என்பதற்காக. கிருமிக்கு அவ்வளவு வேண்டியதே இல்லை. விசில் எண்ணக் கண் எதற்கு?

சட்டியில் வதக்கினால் காதையும் கரண்டியையும் நம்புங்கள். சூடான எண்ணெயில் கைமா விழுந்ததும் சத்தம் சட்டென்று அடங்கும். குளிர்ந்த கறி சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் விட்டுக்கொண்டு தளதளவென்று கொதிக்கும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தண்ணீர் வற்ற வற்றக் கொதி மெலிந்து, எண்ணெய் பிரிந்து, சடசடவென்று காய்ந்த சத்தம் வரும். அதோடு வாசனையும் மாறும். பச்சைக் கவுச்சி போய் வறுத்த மணம் எழும். தண்ணீர் கொதித்து வற்றியது என்றால் அந்தச் சட்டியில் உதிரியாகக் கிடந்த கறி 71-ஐ எப்போதோ தாண்டியிருக்கும். உதிரியாகக் கிடந்தது என்று சொன்னதைக் கவனியுங்கள். ஆபத்து கட்டியில்தான். எலுமிச்சை அளவுக் கட்டி ஒன்று இருந்தால் வெளியே வறுபட்டு உள்ளே பச்சையாக நிற்கும். அதனால் தண்ணீர் விடுகிற நேரத்திலேயே உருளைக்கிழங்கு மசிக்கும் மத்தால் அழுத்தி அழுத்தி உடையுங்கள். பிறகு தட்டையான மரக்கரண்டியால் சட்டியின் அடியை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒவ்வொரு கோடாகச் சுரண்டி வாருங்கள். வேகாத கைமா கரண்டியில் ஈஷிக்கொண்டு நகரும். வெந்தது பொரிகடலை மாதிரி கரகரவென்று உருளும். அதில் எங்காவது கரண்டி இடறினால் அங்கே கட்டி இருக்கிறது, அதை நசுக்குங்கள்.

இதையெல்லாம் மருமகளை அருகில் நிறுத்தி ஒருமுறை செய்து காட்டுங்கள். கடைசியில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து அவளையே பார்க்கச் சொல்லுங்கள். வாயால் ஜெயிப்பதைவிட இது சீக்கிரம் முடியும்.

கேள்வி: பேசும் தெர்மாமீட்டர் என்று ஒன்று இருக்கிறதாமே? என் பேரன் பர்கர், சீக் கபாப் கேட்கிறான். எங்கள் வீட்டில் காய்ச்சல் பார்க்கும் பேசும் கருவி இருக்கிறது, அதையே குத்திப் பார்க்கலாமா?
— ஒரு வாசகர், தாராவி

பதில்: ஐயோ, வேண்டாம் ஐயா. காய்ச்சல் கருவி 42, 43 டிகிரியோடு நின்றுவிடும். சமையலுக்கென்று கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பேசும் தெர்மாமீட்டர் தனியாக வருகிறது. ஆன்லைனில் கிடைக்கும். ஒர்லியில் உள்ள பார்வையற்றோருக்கான தேசிய சங்கத்திலும் போன் போட்டு விசாரித்துவிட்டுப் போங்கள்; 1952-லிருந்து இருக்கிற இடம், தெரிந்தவர்கள் இருப்பார்கள். வாங்கும்போது செல்சியஸில் பேசுமா, அடுப்புச் சத்தத்துக்கு மேல் கேட்குமா என்று அங்கேயே பேசவிட்டுப் பாருங்கள். ஃபாரன்ஹீட் மட்டும்தான் என்றால் 160 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத்தில் போனோடு இணைகிற கம்பிகளும் உண்டு. அதன் ஆப்பை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் உங்கள் போனின் டாக்பேக் ஒழுங்காகப் படிக்கிறதா என்பதுதான் கேள்வி. சில ஆப்புகள் 'பட்டன், பட்டன்' என்று மட்டும் சொல்லி உயிரை வாங்கும். இரண்டும் இல்லாவிட்டால் சாதாரண டிஜிட்டல் கருவியை வைத்துவிட்டு பீ மை ஐஸ் ஆப்பில் வீடியோ அழைப்பு போட்டு ஒரு தன்னார்வலரைப் படிக்கச் சொல்லலாம். போனை ஆவிக்கு நேரே நீட்டாதீர்கள், கேமரா மூடிக்கொள்ளும்.

வாங்கியதும் ஒரு சோதனை. நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் நுனியை வைத்தால் மும்பையில் 100-ஐ ஒட்டிச் சொல்ல வேண்டும், நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம். பெங்களூரில் இருக்கிற உங்கள் தங்கைக்கு ஒன்று வாங்கி அனுப்பினால், அங்கே தண்ணீர் 97-லேயே கொதிக்கும், கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடப்போகிறார். ஐஸ் கரைகிற தண்ணீரில் வைத்தால் எந்த ஊரிலும் 0.

இனி குத்துவது. கபாப், பர்கர், கட்லெட் எல்லாம் மெல்லிசு. மேலிருந்து குத்தினால் கம்பி சட்டியைத் தொட்டு, சட்டியின் சூட்டைச் சொல்லிவிடும். அடுப்பை அணையுங்கள். இடுக்கியால் ஒன்றை எடுத்துத் தட்டில் வையுங்கள். இடுக்கியை விடாமல் பிடித்துக்கொண்டு, அதன் முனையைத் தொட்டபடி கம்பியைப் பக்கவாட்டில் நடு வரைக்கும் செலுத்துங்கள். விரல் கறியைத் தொடவே வேண்டாம். 71 சொன்னால் சரி. 64 என்று சொன்னால் திரும்பச் சட்டிக்குப் போகட்டும். அடுத்த முறை குத்துவதற்கு முன் கம்பியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேகாத கறிக்குள் போய்வந்த கம்பி அது. ஒன்று வெந்துவிட்டது என்று மற்றதையெல்லாம் நம்பிவிடாதீர்கள். தவாவின் ஓரத்தில் கிடந்தது பெரும்பாலும் பின்தங்கும். அதையும் மறக்காமல் சோதியுங்கள்.

ஒரே கனத்தில் தட்டுவதுதான் பாதி வேலை. ஊறுகாய் ஜாடி மூடி ஒன்றை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து, கைமாவை அழுத்தி, வழித்துவிட்டால் எல்லாம் ஒரே தடிமன்.

கோளா உருண்டை கேட்டால் தெர்மாமீட்டரே தேவையில்லை. கைமாவை முதலில் குக்கரில் வேகவைத்து, தண்ணீர் வற்றவிட்டு, ஆறியதும் பொட்டுக்கடலை சேர்த்து அரைத்து உருட்டுங்கள். அப்புறம் எண்ணெயில் போடுவது மொறுமொறுப்புக்கு மட்டும்தான். வாணலி நிறைய எண்ணெய் எனக்குப் பிடிக்காது. குழிப்பணியாரக் கல்லில் குழிக்கு ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பொரிப்பேன். எந்த உருண்டை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். குச்சியால் வரிசையாகத் திருப்பிக்கொண்டு போகலாம்.

கேள்வி: கைமாவைச் சல்லடையில் போட்டு நன்றாக அலசச் சொல்கிறார் என் அம்மா. நீங்கள்?
— ஒரு வாசகி, மாட்டுங்கா

பதில்: அலசுவதில்லை. கிருமியைக் கொல்வது சூடு, தண்ணீர் இல்லை. குழாயடியில் அலசினால் தெறிக்கிற துளி எங்கெங்கே விழுந்தது என்று பார்வை உள்ளவர்களுக்கே தெரியாது. பக்கத்தில் கழுவி வைத்த கொத்தமல்லி மேல் விழுந்திருக்கும். அரைப்பதற்கு முன் துண்டாக இருக்கும்போது கடைக்காரர் கழுவித் தந்தால் தரட்டும். உங்கள் அம்மா கேட்கமாட்டார், எங்கள் அம்மாவும் கேட்கவில்லை. குறைந்தபட்சம் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மெதுவாக அலசி வடிக்கச் சொல்லுங்கள், பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, என் கணவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கல்யாணத்துக்கு முன் ஹாஸ்டலில் முட்டை, மேகி செய்திருக்கிறார். இப்போது கீமா பாவ் செய்ய ஆசைப்படுகிறார். அவர் கத்தி எடுத்தாலே எனக்குப் படபடக்கிறது. பக்கத்தில் நின்று எப்படி உதவுவது?
— ஒரு வாசகி, காட்கோபர்

பதில்: முதல் உதவி, கொஞ்சம் தள்ளி நில்லம்மா. நீ மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்கும். கத்தியைவிட அது பதற்றம் கொடுக்கும்.

வேகாத கறிக்கு ஓர் எல்லை போட்டுக் கொடு. விளிம்பு உயர்ந்த பெரிய தாம்பாளம் ஒன்று. பச்சைக் கைமா, அது வந்த பை, அதைத் தொட்ட கரண்டி எல்லாம் அந்த விளிம்புக்குள்ளேயே. விளிம்பைத் தாண்டினால் கை கழுவ வேண்டும், இருபது விநாடி சோப்போடு. மசாலா டப்பாக்களைத் திறந்து, வேண்டிய அளவைக் கிண்ணங்களில் எடுத்து வைத்த பிறகுதான் கைமாப் பையைப் பிரிப்பது. பாதியில் மிளகாய்த்தூளைத் தேடிக் கறிக் கையோடு அலமாரியைத் தடவுவதுதான் உண்மையான ஆபத்து. நிறம் தெரியாதது இல்லை. நான் இடது கையால் மட்டும் கறியைத் தொடுவேன். வலது கை ஸ்டவ், உப்பு, போன் எல்லாவற்றுக்கும்.

சட்டியை முதலில் பர்னர் மேல் வைத்து, நடுவில் உட்கார்ந்ததா என்று தொட்டுப் பார்த்து, அதற்கப்புறம்தான் பற்றவைப்பது. கைப்பிடி எப்போதும் ஒரே பக்கம், எங்கள் வீட்டில் கடிகார முள்ளில் மூன்று. ஸ்டவ் திருகில் 'சிம்' வரும் இடத்தில் எம்-சீல் புள்ளி ஒன்று ஒட்டிவிடு. இண்டக்ஷன் வாங்குவதானால் கண்ணாடி மேல் தடவுகிற வகை வேண்டாம், அமுக்கும் பட்டன் வைத்ததாகப் பார். மூடியைத் திறக்கும்போது முதலில் தனக்கு எதிர்ப்பக்கம் தூக்கச் சொல், ஆவி அந்தப் பக்கம் போகும்.

நீ செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: அவர் வைத்த கரண்டியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று நகர்த்துவது. அதைச் செய்தால் கீமா பாவ் மட்டுமில்லை, சண்டையும் கிடைக்கும்.

கேள்வி: பார்வையில்லாதவர்கள் எதற்காக இந்த ரிஸ்க் எடுக்க வேண்டும்? ஆர்டர் செய்தால் அரை மணி நேரத்தில் வீட்டுக்கே வருகிறதே?
— பெயர் எழுதாதவர்

பதில்: அந்தக் கடையில் யார் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள். நானும் ஆர்டர் செய்வேன், பாவ் மட்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்த கைமாக் குழம்பை ராத்திரி ஒருமுறை கொதிக்கவைத்து மறுநாளும் சாப்பிடுகிறோம். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் பார்வை மங்கல், மூக்கு கூர்மை. மூக்கை நம்பலாம் இல்லையா?
— ஒரு வாசகர், சயான் கோலிவாடா

பதில்: இங்கே மூக்கும் உதவாது ஐயா. ருசியைக் கெடுக்கிற கிருமி நாறும். வயிற்றைக் கெடுக்கிற கிருமி பல சமயம் சத்தமே போடாது. சில கிருமிகள் விதை மாதிரி கெட்டியான கூடு கட்டிக்கொண்டு கொதியிலும் தப்பும். பெரிய குண்டான் மெல்ல மெல்ல ஆறும்போது அவை மறுபடி முளைத்துப் பெருகும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று பெயர், இறைச்சிக் குழம்பு அதற்குப் பிடித்த வீடு. கையிலிருந்து உணவில் ஒட்டுகிற ஸ்டஃபைலோகாக்கஸ் விடுகிற நஞ்சோ, கொதிக்கவைத்தாலும் போகாது. ராத்திரி கொதிக்கவைப்பது உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள்.

4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உணவைக் கிடக்க விடக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். மும்பை மே மாதம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காலை உணவு முடிந்ததும் மிச்சத்தை ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடாக இருக்கிறதே என்று மத்தியானம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆழம் குறைந்தால் சீக்கிரம் ஆறிவிடும். மூன்று, நான்கு நாள் தாங்கும். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, குழம்பு முழுக்கக் கொப்பளிக்கிற சத்தம் கேட்கும் வரை சூடாக்குங்கள், கிளறிவிட்டு இன்னொரு முறையும் கேளுங்கள்.

கேள்வி: கடையில் பழைய கைமாவைத் தலையில் கட்டிவிடாமல் எப்படி வாங்குவது? நான் தனியாகத்தான் போவேன்.
— ஒரு வாசகி, குர்லா

பதில்: அரைத்துக் குவித்து வைத்ததை வாங்காதீர்கள், அவ்வளவுதான். காலையில் போங்கள். மகாராஷ்டிராவில் 2015-லிருந்து காளை, எருது வெட்டவும் தடை இருப்பதால் பீஃப் என்று கிடைப்பது எருமைக்கறி. பாய் கடையில் 'படே கா கீமா' என்று கேட்டால் புரியும். கொழுப்பு குறைவு, சீக்கிரம் காயும், ஆனால் 71 டிகிரிக் கணக்கு அதற்கும் அதேதான். முழுத் துண்டாக எடைபோடச் சொல்லுங்கள். ஒரு பையைக் கையில் மாட்டிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். விரலுக்கு இறுகலாக இருக்க வேண்டும், வழவழவென்று பிசின் மாதிரி இழுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் துண்டை உங்கள் முன்னாலேயே மெஷினில் போடச் சொல்லுங்கள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும் வரை பணம் எடுக்காதீர்கள். நான் இரண்டு முறை அரைக்கச் சொல்வேன், கட்டி குறையும்.

கறிக்கடைதான் கடைசிக் கடை. அங்கிருந்து மார்க்கெட் சுற்றாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில், சொட்டாத டப்பாவில் வைத்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குமேல் என்றால் ஒருவேளைக்கு ஒரு பையாகப் பிரித்து, சப்பாத்தி மாதிரி தட்டி, பிரீசரில் போடுங்கள். மூன்று, நான்கு மாதம் ருசி கெடாது. சமைப்பதற்கு முந்தின ராத்திரி ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் காலைக்குள் இளகிவிடும், சமையல் மேடையில் போட்டு இளக்க வேண்டாம். எந்தப் பையில் என்ன என்று குழம்பாமலிருக்க என் கணக்கு இது: ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் பீஃப், இரண்டு போட்டால் மட்டன், ஒன்றும் இல்லாவிட்டால் சிக்கன்.